நம்பர் நல்லா இருந்த பிள்ளை

அவள் இப்போது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்திருந்து, படிக்கிறவரை அழவைக்கிற வேலை எனக்குப் பிடிக்காது. எட்டு வயது, சூடான் நாட்டுப் பெண்பிள்ளை. அவளுக்கு ரத்தம் எடுத்தவள் நான்.

ஜித்தாவில் ஷரஃபியா என்றால் நம் ஆட்களுக்குத் தெரியும். இறங்கியதும் தோசைக்கடை, மலையாளி ஹோட்டல், ஊருக்குப் பெட்டி அனுப்பும் கார்கோ ஆபீஸ், நடுநடுவே பாலிகிளினிக்குகள். அதில் ஒன்றில் லேப் டெக்னீஷியனாகப் பல வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், டூட்டியிலும் சொல்வார்கள். ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்புகிற ஆறடி ஆம்பளைகளைக் கிண்டல் செய்யாமல் என்னால் இருக்க முடியாது.

எங்களிடம் வருகிற தமிழ் ஆட்களில் பாதிப்பேர் கிரியாட்டினின் பார்க்கத்தான் வருகிறார்கள். வெயிலில் வேலை, தண்ணீர் குடிக்க நேரமில்லை, சுகர், பிரஷர், இஷ்டத்துக்கு வலி மாத்திரை. கடைசியில் கிட்னியில் வந்து நிற்கும். ஊரில் மழை பெய்ததா என்று கேட்பதற்கு முன்னால் "உனக்கு கிரியாட்டினின் எவ்வளவு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். ஒன்று புள்ளி இரண்டு என்றால் மாப்பிள்ளை முறுக்கு. ஒன்று புள்ளி எட்டு என்றால் குரல் இறங்கிவிடும்.

பக்கத்துக் கட்டிடத்தில் பகாலா வைத்திருக்கும் பாய் அப்படிப்பட்டவர்தான். பகாலா என்பது நம் மளிகைக்கடை. அவர் ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கிரியாட்டினின் ஏறத் தொடங்கியதும் கறி, மீன், பால், பருப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நம்பர் ஏறவில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தாங்கவில்லை.

"பத்தியம்தான்மா மருந்து. டாக்டருமாருக்கு இதெல்லாம் தெரியாது," என்பார்.

"அப்ப எதுக்குப் பாய் எங்க கிட்ட வாறிய? கடையிலேயே ஒரு போர்டு மாட்டிர வேண்டியதுதான?" என்பேன். சிரிப்பார். நல்ல மனுசன். அதுதான் கஷ்டமே. கெட்ட மனுசனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு தூரம் வலித்திருக்காது.

அந்தக் கட்டிடத்தின் வாட்ச்மேன்தான் பிள்ளையின் தகப்பன். நெடுநெடுவென்று உயரம், அழுக்குப்படாத வெள்ளை ஜல்லாபியா அங்கி, யாரைப் பார்த்தாலும் நெஞ்சில் கைவைத்து ஸலாம். அவர் ஊரில் சண்டை பெரிதாகி, குடும்பம் கடலோரம்வரை ஓடிவந்து மாட்டிக்கொண்டது. எப்படியோ அலைந்து மூத்தவளுக்கு மட்டும் விசிட் விசா வாங்கி அழைத்துக்கொண்டார். மனைவி கைக்குழந்தையோடு அந்தப் பக்கமே இருந்தாள். பிள்ளைக்கு முகம் வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது என்று மனைவி போனில் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் அவளை முதலில் வரவழைத்திருக்கிறார். விசிட் விசாவுக்கு இந்த வியாதிக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கிடையாது. அது வந்திறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

என்னை டாக்டோரா என்று கூப்பிடுவார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பிள்ளை என்னை கால்த்தி என்றாள், நாம் சித்தி என்கிற மாதிரி. அவர்களோடு நான் பேசியதெல்லாம் அரைகுறை அரபியில். ஆனால் எனக்கு அது தமிழாகத்தான் நினைவில் நிற்கிறது.

முதல் தடவை ரத்தம் எடுத்தபோது அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். முழங்கை மூட்டுதான் கையிலேயே தடிமனான இடம். குழந்தைகள் டாக்டர் ஒரு மலையாளி. அதிகம் பேசாதவர், எதையும் இரண்டு தடவை பார்க்கிறவர். ரிசல்ட் வந்ததும் அவரே லேபுக்கு வந்துவிட்டார்.

கிரியாட்டினின் என்பது தசை தேய்ந்து ரத்தத்தில் சேரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் படுத்துவிட்டது என்று பொருள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்லலாம். நல்ல பிள்ளைக்கு நூறு பக்கம் வரும். பெரியவர்களுக்கு எங்கள் மெஷினே போட்டுக் கொடுத்துவிடும். அந்த மெஷினில் 'கறுப்பினத்தவரா?' என்று ஒரு கட்டம் வேறு உண்டு. டிக் அடித்தால் எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அவர்களுக்கெல்லாம் தசை அதிகம் என்று எவனோ எங்கேயோ ஏசியில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான். அது தப்பு என்று பெரிய இடங்களில் எடுத்துவிட்டார்களாம். எங்கள் மெஷினுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. உயரத்தை அளந்து, கிரியாட்டினினால் வகுத்து, கையால்தான் போட வேண்டும். அதனால் அவளைச் சுவரோடு நிற்க வைத்து உயரம் பார்த்தேன். மெதுவாகக் குதிகாலைத் தூக்கினாள்.

"ஏ கள்ளி, கால கீழ வை!" என்று தமிழிலேயே அதட்டினேன். புரிந்துகொண்டு களுக்கென்று சிரித்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தது.

கணக்கு பத்தொன்பது வந்தது.

டாக்டர் தகப்பனிடம் மறைக்கவில்லை. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டது, திரும்ப வராது, டயாலிசிஸ் செய்ய வேண்டிவரும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்ய ஒரு தர்ம அமைப்பு இருக்கிறது என்றார். அவர்களிடம் இடம் குறைவு, வரிசை நீளம். கணக்கு பதினைந்துக்குக் கீழே போன பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். அதுவரை உப்பைக் குறைத்து நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள், முட்டை கொடுங்கள், கோழி கொடுங்கள், இவள் உடம்பில் ஒன்றுமே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

தகப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் அவர் காதில் விழுந்தது பத்தொன்பது மட்டும்தான்.

பகலில் அவர் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், குப்பை என்று கட்டிடம் முழுக்க ஏறி இறங்குவார். பிள்ளை பாய் கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும். பாய்க்கு ஊரில் பேத்தி உண்டு, போனில் பார்த்ததோடு சரி. இவள்மேல் உயிராக இருந்தார். ஒருநாள் தகப்பன் அவரிடம் நம்பரைச் சொல்லியிருக்கிறார். கிரியாட்டினின் என்ற வார்த்தையைக் கேட்டதும் பாய்க்கு வேறென்ன வேண்டும்? தன் பத்தியத்தை அப்படியே தூக்கிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். கறி மாஃபி, முட்டை மாஃபி, பால் மாஃபி. மாஃபி என்றால் கிடையாது. கஞ்சி, வெள்ளரிக்காய், சுரைக்காய். தான் சமைக்கும்போதே அவளுக்கும் சேர்த்துச் சமைத்து, ஆறவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியும் விட்டார். யார் செய்வார்கள் இந்தக் காலத்தில்? அன்பிலே ஒரு குறை கிடையாது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அடுத்த தடவை வரும்போது பிள்ளை இன்னும் ஒரு சுற்று குறைந்திருந்தாள். நரம்பு கிடைக்கவில்லை. புறங்கையில் குத்தி எடுத்தேன். அவள் அழவில்லை. "கால்த்தி, நம்பர் நல்லா வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

நல்லாத்தான் வந்தது. கிரியாட்டினின் இறங்கியிருந்தது. கணக்கு இருபத்துமூன்று.

தகப்பன் அங்கேயே, லேப் வாசலில், ரத்தத்தைப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜ் மெஷின் சுற்றுகிற சத்தத்தில் தரையில் நெற்றி பதித்து ஸஜ்தா செய்தார். அன்று சாயங்காலமே ஒரு தட்டு நிறைய பஸ்பூசா வாங்கிவந்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். ரவையில் செய்து பாகில் ஊறவைக்கிற இனிப்பு. பாயும் கூட வந்திருந்தார். வீட்டில் பிள்ளை பிறந்தவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா? நான் சொன்னேன்ல! கறியும் முட்டையும் நிப்பாட்டுனேன், கிரியாட்டினின் எறங்கி, நம்பர் எப்பிடி ஏறி வந்திருக்கு பாத்தியா!"

எனக்குக் கையிலிருந்த இனிப்பு கையிலேயே நின்றுவிட்டது.

டாக்டரிடம் ஓடினேன். அவர் ரிசல்ட்டை ஏற்கெனவே பார்த்திருந்தார். மேசையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நம்பர் நல்லதாயி. குட்டி நல்லதாயில்ல," என்றார்.

தசை இருந்தால்தானே கிரியாட்டினின் வரும்? பிள்ளை கறியைத் தின்னவில்லை. பிள்ளையின் உடம்பு பிள்ளையைத் தின்றுகொண்டிருந்தது. தசை கரையக் கரைய ரத்தத்தில் கழிவு குறைந்தது, கழிவு குறையக் குறையக் கணக்கு ஏறியது. அந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் எந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துப் போட்டார்களோ! அந்தப் பிள்ளைகள் எல்லாம் காலையில் பால் குடித்திருப்பார்கள். சண்டைக்கு நடுவே, கிடைத்த சோளக் களியைத் தின்று வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அது பொருந்துமா என்று யார் பார்த்தார்கள்? எனக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தர்ம அமைப்புக்கு டாக்டர் எல்லாவற்றையும் விளக்கி அனுப்பினார். இருபத்துமூன்று என்பதால் இப்போதைக்கு இடமில்லை என்று பதில் வந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டும் பத்துமாக எத்தனையோ பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது இருபத்துமூன்றை யார் எடுப்பார்கள்? ஆனால் தகப்பன் அந்தப் பதிலை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? அந்தக் கரையில் இருக்கிற மனைவிக்குப் போன் போட்டு, "நம்ம பிள்ளைக்கு டயாலிசிஸ் தேவைப்படலையாம், அவங்களே சொல்லிட்டாங்க," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனில் அந்த அம்மா குலவையிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவரை உட்கார வைத்து டாக்டர் சொல்லாமல் இல்லை. நானும் சொன்னேன். நம்பர் நிஜமில்லை, பிள்ளை மெலிந்ததால் அப்படி வருகிறது, சாப்பாடு கொடுங்கள் என்று எல்லா பாஷையிலும் சொன்னேன். அந்த மனுசன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

"டாக்டோரா, அன்னைக்குப் பத்தொன்பதுன்னு சொன்னீங்க, நம்பினேன். அது கெட்ட சேதி, அது நிஜம். இன்னைக்கு நல்ல சேதி வந்தா மட்டும் அது பொய்யா?"

தசையைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

தசையை நம்பாத ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. சிஸ்டேட்டின் என்று பெயர். உடம்பில் இருக்கிற எல்லாச் செல்களிலிருந்தும் வருகிற ஒரு புரதம் அது. ஆள் தடியோ ஒல்லியோ அதற்குக் கவலை இல்லை. எங்கள் லேபில் அது கிடையாது. டாக்டர் அவரை இவரைப் பிடித்து, தெரிந்த பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க ஏற்பாடு செய்தார். சாம்பிளை ஐஸ் வைத்துக் கட்டி நானே அனுப்பினேன். அதை வைத்துப் போட்ட கணக்கு வர நாளாயிற்று. அதற்குள் பிள்ளைக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது.

பதினொன்று.

கெட்ட எண்ணைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். பதினைந்துக்குக் கீழே! இனி எடுத்துத்தானே ஆக வேண்டும்? எடுத்தார்கள், மறுபேச்சில்லாமல். டாக்டர் காட்டிய பேப்பரைத் தகப்பன் வாங்கிப் பார்த்தார். "அப்ப இருபத்துமூன்று எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அன்று நான் பகாலாவுக்குப் போனேன். பாய் கல்லாவில் இருந்தார். அடக்கிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். முடியவில்லை.

"பாய், ஒமக்கு வயசு அம்பதுக்கு மேல. சுகரு, தொந்தி, கறி தின்னு தின்னு வளந்த ஒடம்பு. அவ பச்சப்புள்ள. ஒம்ம பத்தியத்த அவளுக்கு எதுக்குவே குடுத்தீரு?"

பாயிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் கோபப்படவில்லை. சாமான் வாங்க நின்ற பங்களாதேஷ் ஆளிடம் "கலாஸ் பாய், துக்கான் பந்த்," என்று கடையை மூடுவதாகச் சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கினார். மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

"என் பேத்திக்கா இருந்தாலும் இதத்தானேம்மா செஞ்சிருப்பேன்," என்றார். பிறகு துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வேறு என்ன செய்ய?

பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. இடம் கிடைத்துவிட்டது, மெஷின் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. உடம்புதான் இல்லை. டயாலிசிஸ் குழாய் போட மயக்க மருந்து கொடுத்தால் தாங்கமாட்டாள், கொஞ்சமாவது எடை ஏற வேண்டும் என்றார்கள் அங்கே. இந்த நோயில் பசியும் எடுக்காது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஊட்டினார்கள். பிடுங்கிப் போட்டாள். கையைக் கட்டிவைத்துப் போட்டார்கள், மறுபடி பிடுங்கினாள். வாயால் ஒரு வாய் பால்கூட உள்ளே போகவில்லை. வாந்தியினால் மட்டுமில்லை. வேண்டுமென்றே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நர்ஸ்கள் சொல்லிப் பார்த்தார்கள், தகப்பன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை லீவில் நான் வீட்டில் இருந்தபோது கதவைத் தட்டினார். பாயிடம் விலாசம் கேட்டு வந்திருக்கிறார்.

"டாக்டோரா, அவ நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நம்பர் சொல்றவங்க நீங்கதான்னு நினைக்கிறா. நீங்க வந்து சாப்பிடுன்னு சொன்னா சாப்பிடுவா."

டாக்சியில் போகும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். பதினொன்று என்று சொன்னால் பிள்ளை பயந்துவிடும். பயந்த பிள்ளை எப்படிச் சாப்பிடும்? நல்ல எண்ணாகச் சொல்லுவோம். மனசு தெம்பானால் ஒரு வாய் இறங்கும். ஒரு வாய் இறங்கினால் அடுத்தது இறங்கும். அப்படித்தான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கட்டிலில் அவள் இருக்கிற இடமே தெரியவில்லை. போர்வையில் ஒரு மடிப்பு மாதிரிக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் கண் மட்டும் பெரிதாயிற்று.

"கால்த்தி, ரத்தம் எடுக்க வந்தியா?"

"இல்லடி ராசாத்தி. எடுத்தாச்சு. ரிசல்ட் சொல்லத்தான் வந்தேன்."

"எத்தன?"

"இருபத்தஞ்சு," என்றேன். "மாஷா அல்லாஹ், நல்லா ஏறிட்டு. இனிமே பயமில்ல. இப்ப நீ சாப்பிடலாம்."

தகப்பன் கையில் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். கோழிச்சாறு. பாய் தன் கையால் வைத்துக் கொடுத்துவிட்டது. தன் பத்தியத்துக்காக வருடக்கணக்கில் கோழியையே தொடாத மனுசன். கரண்டியில் எடுத்து, ஊதி ஆற்றி, அவள் உதட்டருகே கொண்டுபோனார்.

அவள் சிரித்தாள். விழுந்த பல்லுக்கு அங்கே புதுப்பல் பாதி முளைத்திருந்தது. அவ்வளவு சந்தோஷமான முகத்தை அந்த வார்டில் நான் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்துச் சொன்னாள்.

"பாத்தியா பாபா? நான் சாப்பிடாததாலதான் ஏறிருக்கு. நீ அழாத. நான் இன்னும் ஏத்துவேன்."

சொல்லிவிட்டு, வாயை இறுக்க மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.